நாயை அனுப்புவதற்கு முன்னால்...

வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை என்ன தெரியுமா? "முதல்ல அந்த நாயை எங்கயாவது அனுப்பிடுங்க!" முடி கொட்டும், கிருமி பரவும் என்ற பயம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் இன்னொரு குழந்தையும் இருக்கிறதே, அதை யாராவது கேட்டார்களா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை என்றால் சிகிச்சை முடிய 2 முதல் 3 வருடம் ஆகும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, 1954ல் ஆரம்பித்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ போய் வருவதிலேயே ஒரு நாள் ஓடிவிடும். அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே.

எட்டு வயது அக்கா? பாட்டி தலை பின்னிவிட, பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். "நீ பெரிய பொண்ணு, அழக்கூடாது" என்று வேறு சொல்லிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி எப்படி இருக்கான்?"

அந்த வீட்டில் மாறாமல் இருப்பது நாய் மட்டும்தான். நாலு மணிக்கு கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தம்பியைப் பற்றிக் கேட்காது. 'அவனுக்கு மட்டும் புது பொம்மையா' என்ற பொறாமையை அதனிடம் சொல்லலாம். 'நான் சண்டை போட்டதாலதான் அவனுக்கு இப்படி ஆச்சோ' என்ற பயத்தையும் சொல்லலாம். இந்தப் பயம் இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் குழந்தைகளிடம் நிறையவே உண்டு. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள் என்று குழந்தைக்குத் தெரியும். நாயிடம் அந்தப் பிரச்சினை இல்லை.

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத குழந்தைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் பக்கத்தில் இருந்தால் பேச ஆரம்பிப்பதைக் கவனித்து 1962ல் எழுதினார். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991ல் 'டாக்டர் டாக்' என்று நாய்களை நோயாளிகளிடம் அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கினார். அதை நம்ம சென்னையில் நடத்தியது ப்ளூ கிராஸ். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாக 2015ல் ஜப்பானியர்களின் ஆய்வு ஒன்று சொன்னது.

சரி, கிருமி பயம் பொய்யா? இல்லை. கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் குறையும், எதிர்ப்பு சக்தி போய்விடும். அதனால் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே வீட்டில் வளரும், ஆரோக்கியமான பெரிய நாயை விரட்டச் சொல்வதைவிட ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. ரேபிஸ் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் தடுப்பூசி இரண்டும் தவறக்கூடாது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் நம்ம ஏரியாவில் இரண்டாவது ரொம்ப முக்கியம். பூச்சி மருந்து, உண்ணி மருந்து கொடுக்க வேண்டும். நோயாளிக் குழந்தையின் படுக்கையில் நாய் ஏறக்கூடாது, முகத்தை நக்கக்கூடாது. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தச் சமயத்தில் புதிதாகக் குட்டி வாங்கவே கூடாது.

டாக்டரே பிரித்து வைக்கச் சொன்னால்? பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். "ஓடிப்போச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். ஏற்கெனவே தம்பியும் காணாமல் போய்விடுவானோ என்று பயந்துகொண்டிருப்பவளுக்கு அது எப்படி இருக்கும்? ராத்திரியோடு ராத்திரியாக செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது பாவம் மட்டும் இல்லை. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ம் வருட மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஒன்றை மறக்கக்கூடாது. நாய் கேட்கும், ஆனால் பதில் சொல்லாது. "உன்னால அவனுக்கு நோய் வரல" என்று சொல்ல அம்மாவோ அப்பாவோதான் வேண்டும். இருக்கிற நேரமெல்லாம் ஒரே பிள்ளையின் கணக்கில் செலவானாலும், இந்தப் பிள்ளைக்கென்று தினம் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாதா? நாயோடு ஒரு நடை போய்வரும் நேரம்தான். அப்போது அவளே பேசுவாள்.

இப்படி ஒரு வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது, தம்பியை விசாரித்த கையோடு அவளையும் விசாரியுங்கள். "நீ எப்படிம்மா இருக்க? உன் நாய் பேர் என்ன?" அது போதும், ஆரம்பிப்பதற்கு.