ஆஜர் சொல்லாத ஸ்டியரிங்

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் பாதையும் பழனியிலிருந்து வரும் பாதையும் பெருமாள்மலையில் ஒன்று கூடுகின்றன. கோடைக்கானலுக்குச் செல்வோர் அங்கே காரை நிறுத்திக் காப்பி அருந்துவதுண்டு. அவ்விடத்து மழையும் மூடுபனியும் மனிதர்களுக்கு இன்பம் தருபவை. காரின் மின்சாரக் கம்பிகளுக்கு அவ்வளவு இன்பம் தருபவையல்ல.

இக்காலத்துக் கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு மின்சார மோட்டார் கை கொடுக்கிறது. 1988-ல் ஜப்பானில் சுஸூகி கம்பெனியார் தங்கள் ‘ஸெர்வோ’ காரில் இவ்வுதவியை அமைத்தார்கள். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றை நடத்தும் சிறு கணிப்பொறிகள், முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட இந்த ஏற்பாட்டிற்குக் ‘கான்’ என்று பெயர்.

கொண்டையூசி வளைவில் திடீரென்று எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தால் திகிலடைய வேண்டாம். ஸ்டியரிங்கையும் முன் சக்கரங்களையும் பிணைக்கும் இரும்பு அப்படியே இருக்கிறது, உதவியாள்தான் போய்விட்டான். ஆனால் வேகம் குறையக் குறையப் பளு மிகும். மலை வளைவிலோ வேகத்தைக் குறைத்தே தீரவேண்டும். இரு கைகளாலும் பற்றி மெல்ல ஓட்டி, அகலமான இடத்தில் நிறுத்துவதே விவேகம். (பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டு வரும் மகானுபாவர்கள், இந்த உதவியையும் பிரேக்கின் பலத்தையும் தாமாகவே துறந்துவிடுகிறார்கள்!)

பட்டறையில் பரிசோதனைக் கருவி ‘யு 0131’ என்று காட்டும். உடனே, “ஸ்டியரிங் முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று பல்லாயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொல்பவர்கள் உண்டு. அக்குறியின் பொருள், ஸ்டியரிங் கணிப்பொறியின் குரல் மற்றவைகளுக்குக் கேட்கவில்லை என்பது மட்டுமே. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஒரு பையன் ‘ஆஜர்’ சொல்லவில்லையென்றால், அவன் நோயாய்ப் படுத்திருக்கிறான் என்று தீர்மானித்துவிடலாமா? வழியில் வாய்க்கால் உடைந்திருக்கலாம். காலையில் சோறு இல்லாமல் போயிருக்கலாம்.

முதலில் சோற்றைப் பார்ப்போம். ஸ்டியரிங் மோட்டார் பெருந்தீனிக்காரன். பாட்டரி நலிந்திருந்தாலும், பியூஸ் போயிருந்தாலும், எர்த் கம்பி தளர்ந்திருந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஈரம் புகுந்த கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் நோக்க வேண்டும்.

அடுத்தது வழி. வேறு கணிப்பொறிகளும் ஆஜராகவில்லையென்றால் கோளாறு பொதுக் கம்பியில் இருக்கலாம். பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பரிசோதனைத் துவாரத்தின் 6, 14 எண் முனைகளுக்கிடையே மீட்டரை வைத்தால், பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் பெரும்பாலும் ஒருபுறம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 60 காட்டினாலும் பெருவீதி மட்டுமே சரி. ஸ்டியரிங்குக்குப் பிரியும் சந்து அறுந்திருக்கக் கூடும்.

இத்தனையும் செவ்வையாக இருந்த பிறகே ஸ்டியரிங் கணிப்பொறியைச் சந்தேகிக்கலாம். புதிதாகப் பொருத்தினால், சக்கரம் நேராக நிற்கும் நிலை எதுவென்று பல கார்களில் அதற்குக் கருவிகொண்டு கற்பிக்கவும் வேண்டும். அதைச் செய்தாரா என்று மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.