பிள்ளையை அடிக்கத் தடை! சுவீடன் நாட்டில் நடந்தது என்ன?

பெற்ற தகப்பன் தன் பிள்ளையை அடிக்கக் கூடாது. தாயும் அடிக்கக் கூடாது. மனம் நோகும்படி அவமானப்படுத்தவும் கூடாது.

இப்படி ஒரு சட்டம் உலகத்திலேயே முதன் முதலாக வந்தது, சுவீடன் நாட்டில். ஐரோப்பாவின் வட பகுதியில் உள்ள குளிர் நாடு அது. 1979-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. பாராளுமன்றத்தில் ஓட்டு எடுத்தபோது ஆதரவாக 259 ஓட்டு. எதிர்த்து 6 ஓட்டுதான்!

பிறகு பின்லாந்து 1983-ம் ஆண்டிலும், நார்வே 1987-ம் ஆண்டிலும், ஜெர்மனி 2000-ம் ஆண்டிலும் இதே வழிக்கு வந்தன. நம் பக்கத்து நாடான நேபாளம் 2018-ல் சட்டம் போட்டது. ஜப்பானில் 2020-ல் அமுலுக்கு வந்தது. இன்று இப்படிப்பட்ட நாடுகள் 60-க்கு மேல் இருக்கின்றன.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பழகிய வீடுகளுக்கு இது விநோதமாகத் தோன்றும். பிள்ளை என்ன மாடா என்று திருப்பிக் கேட்பது சுலபம். ஆனால் அதனால் விஷயம் தீராது. கம்பைக் கீழே போட்ட நாட்டில் பிள்ளைகள் கெட்டுப் போனார்களா, இல்லையா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லை எடுத்து வந்த சிறுவன்

சுவீடன்காரர்கள் பிறவியிலேயே சாதுக்கள் அல்ல. அங்கும் வீட்டில் கம்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்பு இருந்தது. 1965-ம் ஆண்டில் ஜனங்களிடம் கேட்டுப் பார்த்தபோது, "அடி இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியாது" என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள்.

மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1958-ல் பள்ளிக்கூடத்துப் பிரம்பு போயிற்று. 1966-ல், பெற்றோர் அடிக்கலாம் என்று பொருள்படும் வாசகம் சட்டத்தில் இருந்து நீக்கப்பட்டது. ஆனால், "அடிக்கக் கூடாது" என்று எழுதி வைக்கவில்லை. இதனால் ஒரு வினை வந்தது.

1975-ம் ஆண்டில் ஒரு வழக்கு. மூன்று வயதுப் பெண் குழந்தையை அடித்ததாகத் தகப்பன் மீது குற்றச்சாட்டு. "தண்டிக்கும் உரிமையின் எல்லையை இவர் தாண்டியதாக நிரூபிக்கப்படவில்லை" என்று சொல்லி, கோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது. மூன்று வயதுக் குழந்தையை அடிப்பதற்கு எது எல்லை? இந்தக் கேள்வி எழுந்தது. 1977-ல் குழந்தைகளின் உரிமைகளை ஆராய ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது.

இந்தச் சமயத்தில் ஒரு கிழவியின் பேச்சும் சேர்ந்துகொண்டது. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் என்பவர் சுவீடன் நாட்டுக் கதாசிரியை. "பிப்பி" என்ற குறும்புக்காரச் சிறுமியின் கதைகளை எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1978-ம் ஆண்டில் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் அவருக்குச் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 70. அவர் எழுதி அனுப்பிய பேச்சை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள், பேச வேண்டாம், பரிசை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பேச விடாவிட்டால் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்! பேசினார்.

அந்தப் பேச்சில் ஒரு சம்பவம் சொன்னார். ஒரு தாய் இருந்தாள். மகனை அடிப்பதில் அவளுக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் சிறுவன் ஏதோ தப்புச் செய்துவிட்டான். "தோட்டத்துக்குப் போய் ஒரு குச்சி கொண்டு வா" என்றாள் தாய். போனவன் வெகு நேரம் வரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே வந்தான். குச்சி கிடைக்கவில்லை அம்மா, இந்தக் கல் கிடைத்தது, இதை என் மேல் எறியலாம் என்று நீட்டினான்.

தாய் திடுக்கிட்டாள். அம்மா தன்னை நோகடிக்க விரும்புகிறாள், அதற்குக் குச்சியானால் என்ன, கல்லானால் என்ன? பிள்ளையின் மனத்தில் ஓடியது இதுதான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு தாயும் அழுதாள். அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில் எடுத்து வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

பேச்சு நடந்த அடுத்த வருடம் சுவீடனில் சட்டம் வந்தது. அம்மையாரின் பேச்சால்தான் சட்டமே வந்தது என்று சொல்வாரும் உண்டு. அது முழு உண்மை அல்ல. கமிட்டி அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது.

பால் பெட்டியில் சட்டம்

சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. அதை அடுப்பங்கரை வரை கொண்டு போவது எப்படி?

சுவீடன் சர்க்கார் ஒரு யுக்தி செய்தது. அங்கே பாலை அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்பார்கள். அந்தப் பெட்டிகளில் சட்டத்தைப் பற்றி அச்சடித்தார்கள். காலையில் பால் ஊற்றும்போது தாயும் படிப்பாள், பிள்ளையும் படிக்கும்! இரண்டு மாதம் இப்படி நடந்தது. சிறு குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு புத்தகமும் அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கு அவரவர் பாஷையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டத்தில் தண்டனையே கிடையாது! ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை. காயப்படும்படி அடித்தால் அதற்குப் பழைய குற்றச் சட்டம் இருக்கிறது. புதிய சட்டம் தகப்பனைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்காக வந்தது அல்ல. ஜனங்களின் பழக்கத்தை மாற்றுவதற்காக வந்தது. "எங்கள் குடும்ப விவகாரத்தில் தலையிடுகிறார்கள்" என்று சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமைக் கமிஷன் வரை போனார்கள். 1982-ல் அவர்கள் மனு தள்ளப்பட்டது.

1994-ம் ஆண்டில் மறுபடி ஜனங்களைக் கேட்டார்கள். அடிப்பதை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான்! எல்லாம் சட்டத்தின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. சட்டம் வருவதற்கு முன்பே ஜனங்களின் அபிப்பிராயம் மாறத் தொடங்கியிருந்தது. குழந்தைகளை அடித்ததாகப் போலீசுக்கு வந்த புகார்களும் பிறகு அதிகமாயின. "பார்த்தீர்களா, அடி குறையவில்லை" என்கிறார்கள் ஒரு சாரார். "முன்பு யாரும் வாய் திறக்கவில்லை, இப்போது சொல்கிறார்கள்" என்கிறார்கள் மற்றொரு சாரார். சண்டை இன்னும் ஓயவில்லை.

அடிக்காவிட்டால் செல்லமா?

அடிக்கக் கூடாது என்றால், பிள்ளை இஷ்டம் போல் திரியலாமா? பெற்றோர் உடனே கேட்கும் கேள்வி இது.

இதற்குப் பதில் தேடியவர் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960-களில் ஆராய்ச்சி செய்தார். பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் வீடுகளுக்கும் போய், பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார்.

ஒரு பையன் விளையாடப் போனவன், விளக்கு வைத்த பிறகும் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகைத் தகப்பன் வாசலிலேயே காத்திருப்பார். பையன் வந்ததும் முதுகில் இரண்டு விழும். "ஏன்?" என்று அவன் கேட்க முடியாது. கேட்டால் மூன்றாவதும் விழும். இரண்டாம் வகைத் தகப்பன், "சின்னப் பிள்ளைதானே, போகட்டும்" என்று விட்டுவிடுவார். நாளைக்கு இன்னும் நேரம் கழித்து வந்தாலும் அதே பதில்தான்.

மூன்றாம் வகைத் தகப்பன் கண்டிப்பானவர். "விளக்கு வைக்கும் முன் வர வேண்டும்" என்பது அவர் வீட்டுச் சட்டம். அதில் தளர்ச்சி இல்லை. ஏன் அந்தச் சட்டம் என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறார். பையன் காரணம் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். காரணம் சரியில்லை என்றால், நாளைக்கு விளையாட்டு கிடையாது. சொன்னால் சொன்னதுதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பையன் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

பாம்ரிண்ட் கண்டது இது: முதல் வகை வீட்டுக் குழந்தைகள் ஒதுங்கி இருந்தார்கள், யாரையும் நம்பவில்லை, முகத்தில் சந்தோஷம் குறைவு. இரண்டாம் வகை வீட்டுக் குழந்தைகளுக்குத் தன் காலில் நிற்கும் திறமையும் இல்லை; ஆசையை அடக்கும் பழக்கமும் இல்லை. மூன்றாம் வகை வீட்டுக் குழந்தைகளே தைரியமாகவும் அடக்கமாகவும் இருந்தார்கள்.

1983-ல் வேறு இரண்டு நிபுணர்கள் நாலாவது வகை ஒன்றையும் சேர்த்தார்கள். பிள்ளையைக் கவனிக்கவே கவனிக்காத பெற்றோர். எல்லாவற்றிலும் மோசமான வகை இதுதான்.

மழையும் குடையும்

அடி வாங்கும் பிள்ளைகள் முரடர்களாக இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறது. சரி, அடி வாங்கியதால் முரடன் ஆனானா? முரடனாக இருப்பதால் அடி வாங்குகிறானா? குடை பிடித்தவர்கள் எல்லாம் மழையில் போகிறார்கள். அதனால் குடைதான் மழையைக் கொண்டு வந்தது என்று சொல்லலாமா?

நிபுணர்களும் இதை யோசித்தார்கள். ஒரே குழந்தையைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆராய்ச்சிகளாகத் தேடி எடுத்தார்கள். அத்தகைய 69 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்து, "லான்செட்" என்ற புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் 2021-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகளின் நடத்தை காலப் போக்கில் மோசமாகிறது. அடியால் நடத்தை திருந்தியதாகக் காணோம் என்பது அவர்கள் முடிவு.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. நம் ஊரில் அடி சகஜம், பிள்ளைகள் தப்பாக நினைப்பது இல்லை" என்று சொல்லலாம். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது! இந்தியா, சீனா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், கென்யா, இத்தாலி ஆகிய 6 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. அடி சகஜமாக உள்ள இடத்தில், அதனால் வரும் கெடுதல் குறைவாகவே தெரிந்தது. ஆனால் கெடுதல் இல்லாமல் போகவில்லை. அங்கேயும் அதிகம் அடி வாங்கும் பிள்ளைகளிடம் பயமும் முரட்டுத்தனமும் அதிகம் இருந்தன.

பாம்ரிண்ட் அம்மையாரே கூட, எப்போதோ ஒரு முறை லேசாகத் தட்டுவதால் பெரிய தீங்கு வரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று வாதாடியவர். அவருக்கு ஆகாதது, கேள்வி கேட்க விடாத அதிகாரம்.

சுவீடனிலும் எல்லாரும் திருப்தியாக இல்லை. டேவிட் எபர்ஹார்ட் என்ற மனநல டாக்டர் 2013-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் பிள்ளைகள் ஆட்சி நடக்கிறது, பெற்றோர் "வேண்டாம்" என்று சொல்லவே பயப்படுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அப்படிப்பட்ட வீடுகள் அங்கே இருக்கலாம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர்கள் முதல் வகையில் இருந்து தப்பி, மூன்றாம் வகைக்குப் போகாமல், இரண்டாம் வகையில் விழுந்தவர்கள்.

பேச நேரம் எங்கே?

அடி கொடுக்க ஒரு நொடி போதும். எடுத்துச் சொல்லக் கால் மணி நேரம் வேண்டும். கால் மணி நேரம் ஒரு தாய்க்குக் கிடைக்குமா? காலை 6 மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, இரவு 8 மணிக்குத் திரும்புகிறவள், அடுப்பையும் பற்ற வைக்க வேண்டும். அவளைப் பார்த்து "பொறுமையாகப் பேசு" என்று உபதேசம் செய்வது சுலபம்.

சுவீடன் வெறும் சட்டத்தை மட்டும் போடவில்லை. அதற்கு 5 வருடம் முன்பே, 1974-ல், குழந்தை பிறந்தால் தாய், தகப்பன் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. இன்று அந்த லீவு இருவருக்கும் சேர்த்து 480 நாள்! பால் பெட்டியை எல்லாரும் பேசுகிறார்கள். இந்த 480 நாளைப் பேசுவது குறைவு. நம் நாட்டில் 2017 முதல், சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் தாய்க்கு 26 வாரம் சம்பள லீவு உண்டு. வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகிறவளுக்கு அது எட்டாது. தகப்பனுக்கு, மத்திய சர்க்கார் ஊழியராக இருந்தால் 15 நாள்.

பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று

குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியர் பிரம்பை எடுத்தால் அவர் மேல் நடவடிக்கை வரும்.

மாலையில் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால்? மத்திய சர்க்கார் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரித்த குழந்தைகளில் மூவருக்கு இருவர் அடி உதை பட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு மேல், அடித்தவர் பெற்றோரே.

கொடுமை செய்தால் தண்டிக்க 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டில் விழும் சாதாரண அடிக்கு வேறு ஒரு வாசகம் துணைக்கு வருகிறது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பெற்றவரோ பாதுகாவலரோ நல்லெண்ணத்துடன் செய்யும் காரியம் குற்றம் ஆகாது என்கிறது அது. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் அது 89-வது பிரிவு. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அந்த வாசகம் போகவில்லை. புதுச் சட்டத்தில் அது 27-வது பிரிவு.