1950-ல் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார்? அமெரிக்காவில் தேடலாம்... இந்தியாவில் முடியுமா?

தாத்தாவின் பெயரும், அவர் வாழ்ந்த மாநிலமும் தெரிந்தால் போதும். 1950-ல் அவர் எந்தத் தெருவில், யார் யாரோடு குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரு அமெரிக்கர் செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம். அதுவும் இலவசமாக! அந்த நாட்டின் பழைய மக்கள் தொகை கணக்கெடுப்புத் தாள்கள் அப்படியே ஆன்லைனில் இருக்கின்றன. எப்படி இது சாத்தியம்? நம்ம ஊரில் ஏன் முடியவில்லை? பார்க்கலாம்.

அது என்ன 72 வருடக் கணக்கு?

கணக்கெடுப்பில் மக்கள் சொல்லும் விவரங்களை அமெரிக்க அரசு 72 ஆண்டுகள் ரகசியமாக வைத்திருக்கும். அதன் பிறகு தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை வெளியிடும். அப்படித்தான் 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1-ம் தேதி வெளியானது. அடுத்து 1960 கணக்கெடுப்பு 2032-ல் வரும். பிரிட்டனில் இந்தக் காத்திருப்பு 100 ஆண்டுகள். அங்கே இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது. ஆனால் அதை வீட்டிலிருந்து பார்க்கக் கட்டணம் உண்டு.

தேடினா உடனே கிடைச்சிடுமா?

அதுதான் இல்லை. 1950 தாள்கள் எல்லாம் கையெழுத்துப் பிரதிகள். அவற்றிலுள்ள பெயர்களை முதலில் படித்தது கம்ப்யூட்டர்தான். அதனால் தப்பும் தவறுமாகப் பதிவான பெயர்கள் ஏராளம். வீட்டுக்கு வந்த ஊழியர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். வயதும் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும்.

அனுபவசாலிகள் சொல்லும் வழிகள் இவை:

* குடும்பத் தலைவர் பெயர் கிடைக்கவில்லையா? வீட்டில் வித்தியாசமான பெயர் கொண்ட பிள்ளையைத் தேடுங்கள். ஒருவர் கிடைத்தால் மொத்த வீடும் கிடைத்துவிடும்.
* பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.
* பெயர் சிக்கவே இல்லையென்றால் முகவரியை வைத்து அந்தப் பகுதியின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள்.
* பக்கத்து வீடுகளையும் பாருங்கள். சொந்தக்காரர்கள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவையும் உண்டு. 1931-ல் எடுத்த இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பு 1942-ல் தீயில் எரிந்தே போனது. 1941-ல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக, அங்கே அடுத்து 1951 தாள்களுக்காக 2052 வரை காத்திருக்கணும்.

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவில் 1951-ல் உங்கள் தாத்தா வீட்டுக்கும் கணக்கெடுக்க ஆள் வந்திருப்பார். ஆனால் அந்தத் தாளை நீங்கள் பார்க்க முடியாது. 1948-ம் ஆண்டு மக்கள் தொகை கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, தனிநபர் பதிவுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் பொதுவாக அவை செல்லாது. இத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ‘நாம் சொல்வது வெளியே போகாது’ என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் உண்மையைச் சொல்வார்கள். ஆனால் ரகசியம் காப்பதும், பேரப்பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒரு கால வரம்பு வைத்தால் இரண்டையும் செய்யலாம் என்பதைத்தான் அந்த 72 வருட விதி காட்டுகிறது.

வாக்காளர் பட்டியல் தந்த பாடம்

பழைய பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேடும் பாடு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தின்போது 2002, 2005 பட்டியல்களை வீடு வீடாகத் தேடினோம். அங்கேயும் இதே சிக்கல்கள்தான். இனிஷியல் விடுபட்டிருக்கும், ‘ர’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ற’ இருக்கும். 2008 மறுசீரமைப்பில் தொகுதியே மாறியிருக்கும். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள், பிறந்த வீட்டின் பாகத்தில் போய்த் தேட வேண்டியிருந்தது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை.

அமெரிக்கருக்குப் பழைய பட்டியலில் தாத்தா பெயர் கிடைத்தால் சந்தோஷம். நமக்கோ அது ஓட்டுரிமை சம்பந்தப்பட்ட விஷயம். பழைய ஆவணத்தில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால், அதைச் சரிசெய்யும் சுமை சாமானியர் தலையில்தான் விழுகிறது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு டிஜிட்டல் முறையில் நடக்கிறது. 1931-க்குப் பிறகு நாடு முழுவதும் எல்லா சாதி விவரங்களும் பதிவாகப்போவதும் இதில்தான். இந்த விவரங்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு என்றைக்காவது கிடைக்குமா? இதைக் கேட்க இதுவே சரியான நேரம்.

அதுவரை? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். பெயர், ஊர், தெரு, கூடப் பிறந்தவர்கள் என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போதைக்கு நம் வீட்டுக் கணக்கெடுப்பை நாமதான் எடுக்கணும்.