அளக்கப்படாத தீ

கார்த்திகை விளக்கீட்டு நாளில் திருவண்ணாமலை மலைமுடியில் ஏற்றப்பெறும் விளக்கிற்கு நெய் எத்துணைக் கிலோ, திரித்துணி எத்துணை மீட்டர், கொப்பரையின் உயரம் எத்துணை அடி என்று ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் கணக்கெழுதுகின்றன. அவ்விளக்கு அவிந்து, தை பிறந்து, சரிவுகளின் புல் காய்ந்து சருகான பின்னர், அதே 2,668 அடி மலையின் விலாவில் பற்றும் தீக்கு அத்தகைய கணக்கு வருவதில்லை. ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கங்களில் அறுத்த வயலுக்கு வைக்கப்பெறும் தீக்கும், நன்னன் ஆண்ட செங்கத்துப் பக்கம் கரும்பு வெட்டிய கொல்லையில் சோகைக்கு இடப்பெறும் தீக்கும் அதுவே நிலை. முழுநிலா நாளில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர் அப்புகையைக் குடித்துக்கொண்டே நடக்கின்றனர். எவ்வளவு குடித்தோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இதன்பொருட்டு உழவரைப் பழிப்பது எளிது. நகரத்தார்க்கு அது மிகவும் எளிது. வைக்கோல் தமிழனுக்கு எரிபொருளாக என்றும் இருந்ததில்லை. மாட்டுக்குத் தீனியாகவும் கூரைக்கு வேய்பொருளாகவும் இருந்தது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த நாளில் தாள் முழுமையும் வைக்கோற்போராக எழுந்து நின்றது. அறுவடைப் பொறி வந்தது. அடிக்கட்டை வயலில் உயர்ந்து நின்றது. தாள் சிதறிக் கிடந்தது. ஏர்மாடும் தொழுவத்தை விட்டுப் போயிற்று. சிதறியதைத் திரட்டிக் கட்டும் பொறிக்கு வாடகை கொடுத்து, அது வரும்வரை காத்திருக்க அடுத்த நடவு இடந்தராது. கட்டைக்கரும்பு விடுவோனுக்கும் சோகை இடையூறே. தீக்குச்சி ஒன்றே விலை குறைந்த கருவியாக அவன் கையில் எஞ்சுகிறது. கரணியம் இதுவாயிருக்க, தண்டம் விதித்துத் தீயை அணைத்துவிடலாம் எனக் கருதுவது ஆட்சியாளரின் சோம்பலே. தில்லியைச் சூழ்ந்த பகுதிகளில் 2024 நவம்பரில், 5 ஏக்கருக்கு மேல் நிலமுடையார்க்கு 30,000 உருபா வரை தண்டம் உயர்த்தப்பெற்றது. உழவர் கையில் வேறு வழியைக் கொடுக்காத தண்டம் தீயை நிறுத்துவதில்லை. தீ வைக்கும் வேளையைத்தான் மாற்றுகிறது. செயற்கைக்கோள் கடந்த பின்னர்ப் பிற்பகலில் எரிக்கும் பழக்கம் பஞ்சாபில் வளர்ந்திருப்பதை 2024இல் அறிவியலாளர் எடுத்துக்காட்டினர்.

ஆகலின் முதற்கண் வேண்டுவது அளவை. எரிந்த பரப்பு, அப்பரப்பில் இருந்த தாளின் எடை, அதில் உண்மையில் எரிந்த பங்கு, ஒரு கிலோ எரிந்தால் எழும் மாசு ஆகிய நான்கையும் பெருக்கினால் புகையின் கணக்கு வந்துவிடும். 1980இல் சைலர், குருட்சன் என்னும் அறிஞர் இருவர் வகுத்த முறை இது. வேளாண் கழிவு ஒரு கிலோ எரிந்தால் 2.5 நுண்மீட்டருக்கு உட்பட்ட நுண்டுகள் ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் வரை எழும் என்பது ஆய்வுகளின் முடிவு. ஓர் ஏக்கரில் 2 டன் தாள் முற்றும் எரிவதாகக் கொள்வோம். குறைந்த அளவை எடுத்தாலும் 12 கிலோ நுண்டுகள் எழும். இந்நாட்டில் 2009இல் வகுத்த வரையறைப்படி ஒரு கன மீட்டர்க் காற்றில் 24 மணி நேர அளவாக 60 நுண்கிராம் வரை இருக்கலாம். அந்தப் 12 கிலோவும் கலந்து பரவினால், அதுவரை தூயதாயிருந்த 20 கோடிக் கன மீட்டர்க் காற்று அவ்வெல்லையைத் தொட்டு நிற்கும். நீளமும் அகலமும் ஒவ்வொரு கிலோமீட்டராகவும் உயரம் 200 மீட்டராகவும் உள்ள காற்றுப் பெட்டி அது. இத்தனையும் ஓர் ஏக்கரின் வேலை! உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் பரிந்துரைத்த எல்லையோ 15 நுண்கிராமே.

இக்கணக்கில் வழுக்கும் இடம் பரப்புதான். தீயைக் காணும் செயற்கைக்கோட் கருவிகளுள் கூர்மை மிக்க ஒன்றன் ஒரு கட்டம் 375 மீட்டர்ச் சதுரம். அஃதாவது ஏறத்தாழ 35 ஏக்கர். நன்கு கனலும் சிறுதீயையும் அது ஓரளவு கண்டுகொள்ளும். ஆயினும் அரை ஏக்கர் வைத்திருப்பவன் மாலையில் மூட்டி அரைமணியில் அடங்கும் தீ அதன் கண்ணிற்குத் தப்பும். முகில் மூடினாலும் தப்பும். பஞ்சாபின் அகன்ற வயல்களுக்குப் பொருந்தும் கண், தமிழகத்தின் துண்டு நிலங்களுக்கு அப்படியே பொருந்தாது.

அந்தக் கண்ணையாவது இப்பக்கம் திருப்பினார்களா? தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை நெல்தாள் தீயை நாடோறும் எண்ணி வெளியிடுகிறது. பஞ்சாபு, அரியானா, உத்தரப்பிரதேசம், தில்லி, இராசத்தான், மத்தியப்பிரதேசம் என்னும் ஆறு பகுதிகளே அவ்வெண்ணிக்கையில் அடங்கும். காட்டுத்தீக்கு எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு தனியே உண்டு. அது தீ மூண்ட இடத்தைச் சொல்லும். புகையின் அளவைச் சொல்லாது. நடுவணரசு 2019இல் தொடங்கிய தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பெற்ற நகரங்களுள் தமிழ்நாட்டின் நகரங்கள் நான்கு. அவற்றுள் திருவண்ணாமலை இல்லை.

தில்லியை மட்டும் குறை கூறி அமைவதும் நேர்மையாகாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகி நாளில் சென்னையில் 15 இடங்களில் காற்றை அளக்கிறது. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து வானூர்திகளையே தடுத்தன என்பதால் அது வேண்டியதே. ஒரு நாள் தீக்குத் தலைநகரில் 15 இடங்கள் என்றால், திங்கள் கணக்கில் எரியும் தீக்கு நெல்விளையும் மாவட்டங்களில் எத்துணை இடங்கள் வேண்டும்? சிங்கப்பூரில் 2013 சூன் 21ஆம் நாள் மாசுக் குறியெண் 401ஐத் தொட்டபோது, ஆங்குள்ள தமிழரும் அந்த எண்ணைக் கண்டே வீட்டுக்குள் அடங்கினர். சுமத்திராவில் நிலந்திருத்த மூட்டிய தீயின் புகை அது. அந்நாடு மறு ஆண்டே எல்லை கடந்த புகைக்குச் சட்டம் இயற்றிற்று. கையில் எண் இருந்தமையாலேயே அது இயன்றது.

எண்ணைச் சொல்லும் மொழி எது என்பதும் இங்குச் சிறு செய்தியன்று. நடுவணரசின் காற்றளவு அறிக்கைகள் ஆங்கிலத்தில் குறுக்கெழுத்துகளாய் வருகின்றன. நுண்மையை அளக்கத் தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை. எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர் எனக் கணக்கதிகார வாய்பாடு அடுக்கும். மயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 நுண்மீட்டர். அதனை 64ஆல் வகுத்தால் ஒரு தேர்த்துகள் ஒரு நுண்மீட்டரை ஒட்டி வருகிறது. இதனைக் கொண்டு முன்னோர் புகைத்துகளை அளந்தனர் என்று மார்தட்டுவது நகைப்பிற்கிடமாகும், அவர்கள் அளக்கவில்லை. ஆனால் நுரையீரலின் அடிவரை செல்லும் தூசு இரண்டரைத் தேர்த்துகள் பருமன் என்றால் வந்தவாசி உழவனுக்கு விளங்கும். ஆங்கில எழுத்து இரண்டும் ஓர் எண்ணும் சொன்னால் விளங்காது.

வேண்டுவன பெரியன அல்ல. மலைவலப் பாதையில் ஒன்றும், ஆரணி, செங்கம், செய்யாறு வயல்வெளிகளில் ஒவ்வொன்றுமாக வடிதாளில் துகளைப் பிடித்து நிறுக்கும் கருவிகள் வேண்டும். ஒளிச்சிதறலால் அளக்கும் மலிவான சிறுகருவிகளைப் பள்ளிகளில் வைக்கலாம்; ஈரக்காற்றில் அவை மிகுத்துக் காட்டுமாகலின் முன்னவற்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பிடித்த துகளில் சாம்பரம் எனப்படும் பொட்டாசியத்தையும், மரமும் தாளும் எரிவதால் தோன்றும் இலெவோகுளுக்கோசனையும் தேடினால், வண்டிப்புகை எவ்வளவு, வயற்புகை எவ்வளவு எனப் பிரித்தறிதற்குத் துணையாகும். எரிந்த சருவே எண்களை ஊர்தோறும் குறிக்கும் பணியை வேளாண்மை அலுவலகங்களிடம் ஒப்படைக்கலாம். தண்டத்திற்காக அன்று, எந்த ஊருக்குத் தாள் கட்டும் பொறியை முதலில் அனுப்புவது என்று தெரிவதற்காக. வரும் அறுவடைக்குள் அவ்வெண்கள் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதப்பெறல் வேண்டும்.