ஒரே பெயரில் ரெண்டு ஃபைல்: இதுல காணாமப் போறது யாரோட ரிப்போர்ட்?

கொஞ்சம் நீளமான இழை. கம்ப்யூட்டர்காரங்களுக்கு மட்டும்னு நினைச்சுத் தாண்டிடாதீங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டையோ ரத்தப் பரிசோதனையையோ ஏதாவது ஒரு தளத்தில் அப்லோட் பண்ணின எல்லாருக்குமானது இது.

உங்க ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து ஃபைல் பெயர்களைப் பாருங்க. ஐஎம்ஜி, அடுத்து தேதி, அடுத்து டபிள்யூஏ0003 மாதிரி ஒரு எண். அந்த எண் உலகத்துக்கே பொதுவான எண் இல்ல, அன்னைக்கு உங்க போன் போட்ட வரிசை எண். அதே நாளில் பக்கத்துத் தெருக்காரர் போனிலும் ஒரு 0003 இருக்கலாம். ஐபோனில் சஃபாரி வழியா நேரா படம் எடுத்து ஏத்தினா, பல நேரம் வெறும் "இமேஜ்" என்ற பெயரில்தான் போகும்.

இப்போ இந்த ரெண்டு 0003-உம் ஒரே தளத்தில், ஒரே ஃபோல்டருக்குப் போய்ச் சேருதுன்னு வைங்க. அந்தத் தளத்தை எழுதினவர் யோசிக்காம விட்டிருந்தா, ரெண்டாவது வந்தது முதலாவதை அழிச்சிட்டு உட்கார்ந்துக்கும். பிஎச்பியில் அப்லோடை எடுத்து வைக்கவே இருக்கிற கட்டளையின் இயல்பே அதுதான்: அதே பெயரில் ஃபைல் இருந்தா மேலேயே எழுதிடும். அமேசான் எஸ்3-யிலும், பழைய பதிப்புகளைக் காக்கிற வசதியை ஆன் பண்ணலேன்னா இதே கதை. கொடுமை என்னன்னா, ரெண்டு பேருக்குமே பச்சை டிக்கோட "வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது"ன்னு வரும்.

வார்டில் ரெண்டு செல்வி அட்மிட் ஆனா நாங்க என்ன செய்வோம்? பெயரை மட்டும் நம்ப மாட்டோம். வயசு, ஐபி நம்பர்னு குறைஞ்சது 2 அடையாளம் பார்த்துத்தான் ஊசியே போடணும். ஒரு நர்சிங் மாணவிக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தர்ற விஷயம். ஆனா லட்சக்கணக்கில் செலவு பண்ணிச் செஞ்ச மென்பொருளுக்கு இதை யாரும் சொல்லித் தர்றதில்லை.

ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) நான் பார்த்தது: 60 வயசு பெரியவரோட பெயரைத் தட்டினா வந்த ஈசிஜியில் இதயத் துடிப்பு 110. கட்டிலில் இருக்கிறவருக்கு நாடி 58. மெஷின் பேப்பரை வாங்கிப் பார்த்தா அது வேற ஒருத்தரோடது. நாடியைத் தொட்டுப் பார்க்க அவர் பக்கத்திலேயே இருந்தார், தப்பிச்சோம். தொலைவிலிருந்து படத்தை மட்டும் பார்த்து மருந்து சொல்ற டாக்டருக்கு அந்த வசதி கிடையாது.

சில தளங்கள் வேற மாதிரி. "இதே பெயரில் கோப்பு உள்ளது, பெயரை மாற்றவும்"னு திருப்பி அனுப்பிடும். ராத்திரி 2 மணிக்கு கேஷுவாலிட்டி வாசலில், அப்பாவை உள்ளே விட்டுட்டு நிக்கிற பையன்கிட்ட போய் "தம்பி, ஃபைலை ரீநேம் பண்ணுப்பா"ன்னு சொல்றதா? அது தளத்தோட வேலை, அவனோடது இல்ல.

பின்னால (1), (2) சேர்க்கிறது கொஞ்சம் பரவாயில்லை, எதுவும் அழியாது. ஆனா மருத்துவத்தில் அதுலயும் ஒரு சிக்கல். நெஞ்சுவலிக்கு ட்ரோபோனின் டெஸ்ட் சில மணி நேரம் விட்டு ரெண்டு தடவை பார்ப்போம். ஏறுதா இறங்குதாங்கிறதுதான் முக்கியம். அந்த (1) சொல்றது ஏத்தின வரிசையை. ரத்தம் எடுத்த வரிசையை இல்ல. ரெண்டாவது ரிசல்ட்டை முதல்ல ஏத்திட்டா படம் தலைகீழ்.

தமிழில் பெயர் வச்சா இன்னொரு கூத்து. தமிழ் எழுத்தெல்லாம் தூக்கிட்டு வெறும் கோடாக்கிற தளங்கள் இருக்கு. அங்கே ஒரே நீளமுள்ள எல்லாப் பெயரும் ஒண்ணாயிடும்.

தீர்வு புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நம்ம ரேடியாலஜி டிபார்ட்மென்ட்டிலேயே இருக்கு. சிடி, எம்ஆர்ஐ படங்களுக்கான டைகாம் முறையில் ஒவ்வொரு படத்துக்கும் உலகத்தில் வேற எதுக்கும் வராத அடையாள எண் உண்டு, 64 எழுத்து வரைக்கும். ஃபைல் பெயரை நம்பி அங்கே எதுவும் நடக்காது. அதையே எல்லா அப்லோடுக்கும் செய்யணும். சேமிக்கும்போது தளமே ஒரு தனி எண் கொடுக்கட்டும்; நம்ம வச்ச பெயர் வெறும் லேபிளா இருக்கட்டும். பரிசோதனை எடுத்த தேதி, நேரத்தைத் தனியா கேட்கட்டும். அச்சு அசலா அதே ஃபைல் ரெண்டாவது தடவை வந்தா "ஏற்கெனவே இருக்கு"ன்னு சொல்லட்டும். எதையும் சத்தமில்லாம அழிக்கக் கூடாது. டெண்டர் போடுறவங்க இந்த வரியை நிபந்தனையாவே எழுதணும்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். பச்சை டிக்கைப் பார்த்ததும் மூடிடாதீங்க. ஏத்தின ஃபைலை அந்தத் தளத்திலேயே திறந்து, மேலே இருக்கிற பெயர், வயசு, தேதியைப் படிச்சுப் பாருங்க. டாக்டரைப் பார்க்கப் போறப்ப இன்னொரு தடவை திறந்து பாருங்க, நடுவில் வேற யாராவது ஏத்தியிருக்கலாம். ஒரிஜினல் பேப்பரையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டாந்துடுங்க.