முதலீட்டாளர் பிறகு வரட்டும்



உங்களில் சிலர் ஸ்டார்ட்அப் தொடங்குகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பேச ஆரம்பித்ததுமே, "முதலீடு யார் சார் தருவாங்க?" என்றுதான் கேட்கிறீர்கள். பக்கத்து ஊர் கடலூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கெவின்கேர் சி.கே. ரங்கநாதன்.

தமிழ் வழியில் படித்தவர். படிப்பில் சுமார்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளி வயதிலேயே புறாவும் மீனும் வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். அப்பா சின்னிகிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் வாங்க முடியவேண்டும் என்று பொருள்களைச் சிறு பாக்கெட்டில் விற்றவர்.

ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். எந்த கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம். பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். மக்கள் சிக் கேட்டார்கள். கடைக்காரர்கள் வாங்கி வைத்தார்கள்.

கிரிஸ்கேபிட்டல் அந்த நிறுவனத்தில் முதலீடு செய்தது 2013இல். 30 வருடம் கழித்து!

புதிய தொழில்முனைவோருக்குத் துணைநிற்கும் டை அமைப்பின் சென்னைக் கிளைக்கும் அவர் தலைவராக இருந்தார். அப்பா பெயரில் 2011 முதல் சிறு நிறுவனங்களுக்குப் புத்தாக்க விருதும் வழங்கப்படுகிறது. கடை கடையாக விற்றவர் சொல்லும் யோசனைக்குப் பணத்தைவிட மதிப்பு அதிகம் என்பேன். ஆகவே, முதலில் வாங்குபவரைத் தேடுங்கள்.

புறா வளர்த்ததற்காக நானும் ஒரு மாணவனைத் திட்டியிருக்கிறேன். இதைப் படித்தால் மன்னித்துவிடு, தம்பி.