விலக்கு கருவிக்கா, நோயாளிக்கா?

மருத்துவக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் மீதான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. இறக்குமதியாகும் கருவிகளுக்குச் சுங்க வரியிலிருந்தும் விலக்கு வேண்டும் என்பது தனியார் மருத்துவமனைகளின் நெடுநாளைய கோரிக்கை. பல கருவிகளுக்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், அதன்மேல் 2020 முதல் 5 சதவீத சுகாதார செஸ். நமக்குத் தேவையான கருவிகளில் பெரும்பங்கு வெளிநாடுகளிலிருந்தே வருவதால் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால், ஸ்கேன் எடுப்பதற்காகக் கயத்தாறிலிருந்து கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏறுபவரின் ரசீதில் அந்தத் தள்ளுபடி தென்படுமா?

இந்தச் சோதனையை நாம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். 1988 மார்ச் 1-இல் வெளியான 64/88 என்ற சுங்க அறிவிக்கை, மருத்துவமனைக் கருவிகளுக்கு வரிவிலக்கு அளித்தது. அதற்கு ஈடாக, புறநோயாளிகளில் 40 சதவீதத்தினருக்கு இலவச சிகிச்சை தரவேண்டும். மாத வருமானம் 500 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு 10 சதவீதப் படுக்கைகளை ஒதுக்கவேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கருவி துறைமுகத்தைவிட்டு வெளியேறும் நாளிலேயே அரசு தன் வரியை இழந்துவிடுகிறது. மருத்துவமனையின் கடமையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கடமையை ஆண்டுக்கணக்கில் யார் எண்ணிப் பார்ப்பது? 1994-இல் அந்த அறிவிக்கையே விலக்கிக்கொள்ளப்பட்டது.

மெடிவெல் மருத்துவமனை வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இலவச சிகிச்சை என்பது தொடர்ந்து நிறைவேற்றப்படவேண்டிய கடமை என்றது. தவறினால் வரியை வசூலிக்கலாம் என்றும், சிகிச்சை பெற்றோரின் கணக்கை மாதந்தோறும் உள்ளூர் நாளிதழில் வெளியிடவேண்டும் என்றும் கூறியது. நாளிதழ்களை வரி விடாமல் படிக்கும் பழக்கமுள்ள நான், அப்படியொரு கணக்கை இதுவரை கண்டதில்லை.

கயத்தாறைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கரிசல் பூமியில் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் பரிசோதனை நிலையமும் அங்குதான் இருக்கிறது. தொண்ணூறுகளில் காற்றாலை நிறுவுவோர் அதன் முழு மதிப்பையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரிச்சலுகை பெறலாம். கோபுரம் எழுந்தாலே ஆதாயம். எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்பது பிறகு. இந்தக் குறையை உணர்ந்து, 2009 டிசம்பரில், அச்சலுகையைப் பெறாதவர்களுக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. சலுகை இயந்திரத்திலிருந்து அது தரும் பயனுக்கு இடம் மாறியது.

மருத்துவக் கருவிகளுக்கும் இதுவே பொருந்தும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்காக வாங்கும் கருவிகளுக்கு முழு விலக்கு தரலாம்; அங்கே பயன் நேரே ஏழைகளுக்குப் போகிறது. தனியார் மருத்துவமனைகளிடம் வரியை வசூலித்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருப்பித் தரலாம். 1988-இல் இல்லாத ஒரு வசதி இன்று இருக்கிறது: காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு சிகிச்சையும் கணினியில் பதிவாகிறது. எண்ணுவதற்கென்று தனியாக ஓர் அலுவலகம் வேண்டியதில்லை.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முதலில் வரியைச் செலுத்திவிட்டுப் பிறகு பெற்றுக்கொள்வது பெருநகர மருத்துவமனைகளுக்குப் பெரிய காரியமன்று. கோவில்பட்டி போன்ற ஊர்களில் இருபது, முப்பது படுக்கைகளுடன் நடப்பவற்றுக்கு அது பெருஞ்சுமை. அவற்றிடம் ரொக்கத்துக்குப் பதிலாக வங்கி உத்தரவாதம் பெற்றுக்கொண்டு, சிகிச்சைக் கணக்கு நிறைவேற நிறைவேற அதை ஆண்டுதோறும் படிப்படியாக விடுவிக்கலாம்.